ஒன்பதாவது வரி

பிஷ்கேக்
மார்ச் 2

கன்யஷாய்,

நலமா என்று கேட்டால் "உங்களுக்கு என்ன அக்கறை" என்பாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் குளிர்காலத்தில் மட்டும் ஆறு ஊர்களில் நம் கபாரைப் பொருத்தியிருக்கிறார்கள். மொத்தம் முப்பத்தொரு ஊர். மலையில் மழை கொட்டி ஓடையில் நீர் ஏறினால் கீழே ஊருக்கு அபாயச் சங்கு ஊதுகிற பெட்டி. அதற்குள் ஓடும் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், காசு கிடையாது. இதை எட்டு வருஷமாக என் மாமியாருக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன். நேற்றும், "எல்லாஞ் சரி மாப்பிள்ளை, சம்பளம் யார் குடுக்கறாங்க?" என்றுதான் கேட்டார்.

அந்த ஆறு ஊர்க்காரர்களில் ஒருவர்கூட என்னைத் தொலைபேசியில் கூப்பிடவில்லை. நான் போட்ட ஒற்றைப் பக்கக் கையேட்டைப் பார்த்தே பொருத்திவிட்டார்கள். ஏரியின் தெற்குக் கரையில் சாரி-தால் என்று ஓர் ஊர். அங்கே தபால் நிலையத்துப் பெண், பெயர் அசில்கான், அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு நன்றி எழுதியிருக்கிறாள். நீ எழுதிய நாற்பத்தொரு பக்கத்தைக் கொடுத்திருந்தால் பாவம், இன்னும் முன்னுரையில் இருப்பாள்.

கோபப்படாதே, கிண்டல்தான்.

நீ கேட்டபடி உன் பெயரைக் கையேட்டிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் நிரலும் கையேடும் இருக்கிற இணையக் களஞ்சியத்தின் சாவியை உன்னிடமிருந்து வாங்கவில்லை. நீ எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து எதை வேண்டுமானாலும் எழுதலாம், என்னிடம் கேட்க வேண்டியதில்லை. நான்கு மாதம் முறுக்கிக்கொண்டது போதும். மடற்குழுவில் உன் குரல் இல்லாமல் எல்லோரும் என்னோடு ஒத்துப்போகிறார்கள், சலிப்பாக இருக்கிறது.

தொலொகொன்


நாரின்
மார்ச் 9

தொலொகொன் அண்ணா,

கிண்டல் என்கிறீர்கள். அக்டோபரில் நானூறு பேர் படிக்கிற மடற்குழுவில் நீங்கள் எழுதியதும் கிண்டல்தானா? "கன்யஷாயின் கையேட்டைப் படித்து முடிப்பதற்குள் வெள்ளம் வந்து வடிந்தே போய்விடும்." இருபத்தேழு பேர் அதற்குச் சிரிப்பு முகம் போட்டார்கள். அதில் பாதிப் பேருக்கு நிரலைப் பற்றி முதல் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு வருஷம் நான் எழுதியதை ஒரே மாலையில் வெட்டினீர்கள். வெட்டிய ஒவ்வொரு இடத்திலும் "இது தெரிந்ததுதானே" என்று குறிப்பு. யாருக்குத் தெரிந்தது? உங்களுக்கு.

நான் எப்படிக் கையேடு எழுதுவேன் என்று உங்களுக்குத் தெரியும். எதுவும் தெரியாத ஒருவரை உட்காரவைப்பேன். அவர் கையில் பக்கத்தைக் கொடுப்பேன். பிறகு என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வேன். அவர் தடுமாறும்போது விரல் நீட்டி உதவிவிடக் கூடாது, வாயும் திறக்கக் கூடாது. அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே கையேட்டில் ஓட்டை.

உங்கள் ஒற்றைப் பக்கத்தையும் போன ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் சோதித்தேன். பக்கத்து வீட்டு இயற்பியல் வாத்தியார் சாதிர், உள்ளே எல்லாம் அழித்துப் புதிதாக்கிய என் பழைய பெட்டி ஒன்று, உங்கள் எட்டு வரி. எட்டாவது வரி என்ன சொல்கிறது? "பச்சை விளக்கு எரிந்தால் எல்லாம் சரி." எரிந்தது. மனிதர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். ஓடையில் நடுகிற நீர்மட்ட அளவுகோலைத் தூக்கி நான் தண்ணீர் வாளிக்குள் விட்டேன். சங்கு ஊதவில்லை.

புதுப் பெட்டி எப்போதும் ஒத்திகை நிலையில்தான் விழிக்கும், அண்ணா. எல்லாவற்றையும் அளக்கும், பதியும், பச்சை விளக்கையும் காட்டும், சங்கை மட்டும் ஊதாது. பின்பக்கத்துப் பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால்தான் ஒத்திகை முடியும். என் கையேட்டில் பதினேழாம் பக்கத்தில் இதைச் சொல்லியிருந்தேன். அங்கேயும் உங்கள் குறிப்பு, "தெரிந்ததுதானே."

ஒரு வரி போதும். ஒன்பதாவது வரியாகச் சேர்த்துவிடுங்கள். மற்ற நாற்பது பக்கத்துக்காக நான் அப்புறம் சண்டை போட்டுக்கொள்கிறேன்.

கன்யஷாய்


பிஷ்கேக்
ஏப்ரல் 3

கன்யஷாய்,

தாமதத்துக்கு மன்னி. புதுப் பதிப்பு வேலை தலைக்கு மேல்.

ஒத்திகை நிலையை ஏன் வைத்தேன் என்று மறந்துவிட்டாயா? முதல் வருஷம் ஒரு மாடு அளவுகோலில் முதுகைச் சொறிந்துகொள்ள, சங்கு அலற, ஊர் முழுக்கப் போர்வையோடு மலையேறி நின்றது. அந்த ஊர்த் தலைவர் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் முதலில் ஒத்திகை.

உன் வாத்தியார் பெட்டியில் கணினித் திரையை மாட்டினாரா? மாட்டியிருந்தால் நிரலே கேட்டிருக்கும், "ஒத்திகையை முடிக்கலாமா?" என்று. உன் கடிதம் வந்ததும் என் மேசையில் மூன்று முறை சோதித்தேன், மூன்று முறையும் கேட்டது. நிரலே கேட்கிற கேள்வியைக் காகிதத்திலும் எழுதினால் அதற்குப் பெயர் கையேடு இல்லை, புலம்பல்.

இன்னொன்று. எனக்குத் தனிக் கடிதம் எழுதி எதையும் மாற்றச் சொல்லாதே. குறை இருந்தால் புகார்ப் பட்டியலில், எல்லோர் பார்வையிலும் பதிவு செய்ய வேண்டும். பட்டியலில் இல்லாதது இல்லை. இந்த விதியை எழுதியவன் நான், எனக்கு வேண்டியவர்களுக்காக அதை வளைத்தால் நாளை எவனும் மதிக்க மாட்டான். நீ வந்து பதிவு செய். பார்க்கிறேன்.

தொலொகொன்


நாரின்
ஏப்ரல் 11

தொலொகொன் அண்ணா,

உங்கள் மேசையில் திரை இருக்கிறது. ஊர்களில் பெட்டியைக் கூரையில் ஏற்றி ஆணியடிக்கிறார்கள். அங்கே திரை ஏது? கேள்வி யாரும் பார்க்காத இருட்டில் வந்துவிட்டுப் போகிறது.

அந்த மடற்குழுவுக்குள் நான் வர மாட்டேன். வந்து பதிவு செய்தால் அடியில் முதல் ஆளாக எவனாவது "எத்தனை பக்கம் அக்கா?" என்று கேட்பான், நீங்கள் அதற்கும் சிரிப்பீர்கள். நீங்கள் எழுதிய பக்கம், நீங்கள் திருத்துங்கள். இதற்கு மேல் என்னைக் கெஞ்ச வைக்காதீர்கள்.

கன்யஷாய்


பிஷ்கேக்
மே 22

கன்யஷாய்,

சங்கு ஊதவில்லை.

சாரி-தாலில், 19ஆம் தேதி பிற்பகல். செய்தியில் பார்த்திருப்பாய். ஊரில் வெயில், மேலே மலையில் மழை. பெண்கள் இரண்டு பேர் ஓடையில் கம்பளம் அலசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சேறும் கல்லுமாக வந்திருக்கிறது. ஒருத்தி கரையேறிவிட்டாள். இன்னொருத்தி, புருல்சா என்று பெயர், முப்பத்தாறு வயது, மறுநாள் காலையில் இரண்டு கிலோமீட்டர் கீழே கிடைத்தாள். பெட்டி தன் வேலையைச் செய்திருக்கிறது. பதிவைத் தருவித்துப் பார்த்தேன். பதினெட்டு நிமிஷத்துக்கு முன்பே நீர் ஏறியதை அளந்திருக்கிறது. அதன் பக்கத்தில் "ஒத்திகை" என்று எழுதி வைத்திருக்கிறது.

பதினெட்டு நிமிஷம். ஈரக் கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே போயிருக்கலாம்.

உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்தேன். படித்து, நீ சொல்வது சரி என்று தெரிந்து, வீம்பு பிடித்தவளுக்கு இரண்டு நாள் கழித்துப் பதில் எழுதலாம் என்று வைத்தேன். அப்புறம் மறந்துபோனேன். இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடிகிறது.

20ஆம் தேதியே ஒன்பதாவது வரியைச் சேர்த்துவிட்டேன், தடித்த எழுத்தில். மற்ற முப்பது ஊர்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். பதினொரு ஊர்ப் பெட்டிகள் ஒத்திகையில் இருந்தன. தொலைபேசியிலேயே பொத்தானை அழுத்தவைத்தேன். இனி யாருக்கும் இது நடக்காது.

சாரி-தாலில் அந்தத் தபால்காரப் பெண்ணைக் கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. நீ நாரினில் இருக்கிறாய், என்னைவிட உனக்குப் பக்கம். ஒரு முறை போய்ப் பார்ப்பாயா?

தொலொகொன்


சாரி-தால்
மே 30

அண்ணா,

நான்கு நாளாக இங்கே இருக்கிறேன். அசில்கானுக்கு இருபத்தெட்டு வயது. தபால் நிலையக் கூரையில்தான் சங்கு இருக்கிறது, அதனால் இந்த வேலை அவள் தலையில் விழுந்தது. உங்கள் பக்கத்தை அச்செடுத்து, ஒவ்வொரு வரியையும் செய்து முடித்ததும் சிவப்புப் பென்சிலால் டிக் போட்டிருக்கிறாள். எட்டு வரி, எட்டு டிக். அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள், பெருமைக்கு.

புருல்சா அவளுடைய சிநேகிதி. அன்று காலை கம்பளத்தோடு போகும்போது சன்னலில் நின்று, "மலை மேல மேகமா இருக்கேடி, போகலாமா?" என்று கேட்டிருக்கிறாள். இவள், "போயிட்டு வா, அதான் மேல ஒண்ணு காவலுக்கு உட்கார்ந்திருக்கே" என்றிருக்கிறாள். இதை என்னிடம் மூன்று முறை சொல்லிவிட்டாள். ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகள்.

இப்போது நீங்கள் செய்த நல்ல காரியத்தைப் பற்றிச் சொல்கிறேன். 26ஆம் தேதி மாவட்டக் குழு விசாரிக்க வந்தது. குழுத் தலைவர் கையேட்டை இணையத்திலிருந்து அன்று காலைதான் அச்செடுத்திருக்கிறார். அதில் ஒன்பது வரி. மேசைமேல் போட்டு விரலால் தட்டினார்.

"இந்தாம்மா, ஒன்பதாவது வரி. குருடனுக்குக்கூடத் தெரியும், அவ்வளவு பெரிய எழுத்து. நீ எட்டோட நிறுத்திட்ட."

"சார், என் காகிதத்துல எட்டுதான் இருந்துச்சு" என்று அசில்கான் சட்டத்தைக் கழற்றிக் கொண்டுவந்தாள். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். சட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று அடியில் இருந்த வெற்று இடத்தைக் கத்தரியால் வெட்டியிருக்கிறாள்.

"அடிப்பக்கம் எங்கம்மா? ஒன்பதாவது வரியை நீயே வெட்டிட்டு இப்ப எங்களைக் கேக்கறியா?"

அவள் வெட்டிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். கூடியிருந்தவர்களும் அதைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து கடிதம் வாங்க வருகிறவர்கள் சன்னலுக்குள் பார்க்காமல் கையை மட்டும் நீட்டுகிறார்கள். புருல்சாவின் கணவர் மாமித் எதிர்வீடு. அவர் எதிர்ப்படும்போதெல்லாம் அசில்கான் சுவரோரமாக நின்றுவிடுகிறாள்.

நீங்கள் அந்த வரியைச் சேர்த்தபோது களஞ்சியத்தில் என்ன காரணம் எழுதினீர்கள் என்று பார்த்தேன். "சிறு திருத்தம்." ஒரு மனுஷி செத்து, இன்னொருத்தி பழியில் நிற்கிறாள். அது உங்களுக்குச் சிறு திருத்தம். "மே 19 வரை இந்த வரி இல்லை" என்று பக்கத்தின் தலையில் எழுதியிருந்தால் இவள் இன்று தப்பியிருப்பாள்.

கையேடு சரியா என்று கேட்டுக் குழு உங்களுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. ஜூன் 10க்குள் பதில் தர வேண்டுமாம். நான் சொன்னால் எடுபடாது, பொறுப்பாளரின் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். உண்மையை எழுதுங்கள்.

கன்யஷாய்


பிஷ்கேக்
ஜூன் 4

கன்யஷாய்,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நீ ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறாய். இது ஜூன். பனி உருகுகிற மாதம், மழையும் வரும். "எங்கள் கையேடு தவறு, அதனால் ஒருத்தி செத்தாள்" என்று நான் கையெழுத்துப் போட்டால் முப்பத்தொரு ஊரும் பெட்டியைப் பிடுங்கி எறிவார்கள். இப்போது எல்லாப் பெட்டியும் ஊதும், நானே சரிபார்த்தேன். பிடுங்கிப் போட்ட ஊரில் அடுத்த வெள்ளம் வந்தால் அந்தச் சாவு யார் கணக்கு?

இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்: "கையேடு அவ்வப்போது மேம்படுத்தப்படுகிறது. பொருத்திய நாளில் எந்தப் பதிப்பு பயன்படுத்தப்பட்டது என்பதை உறுதியாகக் கூற இயலாது." அசில்கான் மேல் நேரடிப் பழி வராது. கபாரும் பிழைக்கும்.

இதெல்லாம் ஊர்களுக்காக என்று எழுதிவிட்டுப் படித்துப் பார்க்கிறேன். முழுக்க ஊர்களுக்காக இல்லை. எனக்கு நாற்பத்தாறு வயது. இதைத் தவிர நான் செய்ததாகச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. என் மாமியாரிடம் இனி என்ன சொல்வேன் என்றுகூட நினைத்துக்கொள்கிறேன், எவ்வளவு அற்பம் பார்.

உன் மார்ச் 9 கடிதத்தின் நகலையோ என் பதிலையோ யாரிடமும் காட்டிவிடாதே. கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்கிறேன்.

தொலொகொன்


சாரி-தால்
ஜூன் 7

அண்ணா,

எந்த விநாடியில் எந்தக் காற்புள்ளி மாறியது, மாற்றியவர் யார் என்று சொல்லும் களஞ்சியத்தை எட்டு வருஷம் காத்தவர் நீங்கள். அதில் "உறுதியாகக் கூற இயலாது" என்று கையெழுத்துப் போடப் போகிறீர்களா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இப்போதுதான் பார்க்கிறேன்.

நீங்கள் மழுப்பி எழுதினால் அசில்கான் தப்பிக்க மாட்டாள். குழுவின் மேசையில் ஒன்பது வரிக் காகிதம் ஒன்றும், அடி வெட்டிய காகிதம் ஒன்றும் இருக்கின்றன. உங்கள் "இயலாது" அந்த வெட்டுக்குத்தான் சாட்சி சொல்லும்.

இனி என் பங்கு. இதைச் சொல்லாமல் உங்களைத் திட்ட எனக்கு உரிமை இல்லை.

மார்ச் 10 அன்று, உங்களுக்குக் கடிதம் போட்ட மறுநாளே, அந்த ஒன்பதாவது வரியை நானே எழுதினேன். சாதிர் வாத்தியாரை மறுபடி உட்காரவைத்துச் சோதித்தேன். சங்கு ஊதியது, அவர் பூனை அலமாரிக்கு மேல் ஏறிவிட்டது. வரி என் கணினியில் தயாராக இருந்தது. சாவி என்னிடம் இருந்தது. நீங்கள்தான் சொல்லியிருந்தீர்களே, கேட்க வேண்டியதில்லை என்று. ஒரு விசையைத் தட்டினால் களஞ்சியத்துக்குள் போயிருக்கும். நான் தட்டவில்லை.

ஏன் தெரியுமா? நீங்கள் மடற்குழுவில், அந்த நானூறு பேர் முன்னால், "கன்யஷாய் சொன்னது சரி" என்று எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். பத்து வாரம் காத்திருந்தேன். அந்த வரி இப்போதும் என் கணினியில் மார்ச் 10 என்ற தேதியோடு கிடக்கிறது. நீங்கள் மறந்துபோனீர்கள். நான் மறக்கக்கூட இல்லை.

உங்கள் கடிதங்களை யாரிடமும் காட்ட மாட்டேன், அது உங்கள் வேலை. ஆனால் 10ஆம் தேதி குழுவுக்கு நீங்கள் எது எழுதினாலும், இந்த வரியைப் பற்றி நானே அசில்கானிடம் சொல்வேன். இன்றுவரை சொல்லவில்லை. பன்னிரண்டு நாளாக அவள் வீட்டில் ரொட்டி தின்கிறேன், ராத்திரி எனக்குத் தன் போர்வையைக் கொடுத்துவிட்டு அவள் கோட்டைப் போர்த்திக்கொள்கிறாள்.

கன்யஷாய்


பிஷ்கேக்
ஜூன் 11

கன்யஷாய்,

நேற்று குழுவுக்கு எழுதிவிட்டேன். மே 20 வரை கையேட்டில் எட்டு வரிதான் இருந்தது, தொலொகொன் என்கிற நான் வெட்டினேன், அசில்கான் ஒரு எழுத்துக்கூடத் தவறவில்லை என்று. களஞ்சியப் பதிவையும் சேர்த்து அனுப்பினேன்.

அதையே மடற்குழுவிலும் போட்டேன். உன் மார்ச் கடிதம், ஏப்ரல் கடிதம், "பட்டியலில் இல்லாதது இல்லை" என்ற என் பதில், நீ அனுமதித்தாய் என்று எடுத்துக்கொண்டு அந்த மார்ச் 10 வரி, எல்லாம். அக்டோபரில் நான் அடித்த அந்தக் கிண்டலையும் மேலே வைத்தேன். படித்து முடிப்பதற்குள் வெள்ளம் வந்து வடிந்துவிடும் என்று எழுதியவன் நான்தான் என்று. கன்யஷாய் சொன்னது சரி என்றும் எழுதினேன். உனக்கு இப்போது அது எதற்கும் உதவாது என்று தெரியும்.

மூன்று மணி நேரம் போனது. பிறகு பார்த்தால், அக்டோபர் மடலில் இருந்த சிரிப்பு முகங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. இருபத்தேழும் போய்விட்டன. எடுத்தவர்களின் பெயரும் நேரமும் பதிவில் இருக்கின்றன, நம் ஆட்களுக்கு அது நினைவில்லை.

நான்கு ஊர்கள் பெட்டியைக் கழற்றிவிட்டன. மற்ற ஊர்களிலிருந்து கூப்பிட்டு உன் நாற்பத்தொரு பக்கத்தைக் கேட்கிறார்கள். முழுவதையும் திரும்ப வைத்துவிட்டேன். ஒரு கிழவர் கேட்டார், "ஏம்ப்பா, இத்தனை நாள் இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

அந்த நான்கு ஊர்கள் பக்கம் மேகம் கூடுகிறதா என்று நாளுக்குப் பத்து முறை பார்க்கிறேன்.

தொலொகொன்


சாரி-தால்
ஜூன் 22

அண்ணா,

உங்கள் கடிதத்தைக் குழு ஏற்றுக்கொண்டது. அசில்கான் மேல் குற்றமில்லை என்று ஒரு தாள் வந்தது. அதைத் தபால் நிலையக் கதவில் ஒட்டினோம். ஊர் அதைப் படித்தது, ஆனால் நம்பவில்லை. "நகரத்துக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் காகிதம் எழுதிக்கறாங்க" என்று கடையில் பேசிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அதனால் 17ஆம் தேதி தபால் நிலைய முற்றத்தில் ஒரு மேசை போட்டோம். நாரினிலிருந்து என் பழைய பெட்டியை வரவழைத்து, உள்ளே எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கி, கூரையில் இருக்கிற ஊர்ச் சங்கோடு இணைத்தேன். அசில்கான் பிப்ரவரியில் பார்த்துப் பொருத்திய பக்கத்தைக் களஞ்சியத்திலிருந்து எடுத்து ஊரார் முன்னாலேயே அச்சிட்டேன். எட்டு வரி, கீழே முழு வெற்று இடம். குழுத் தலைவரும் வந்திருந்தார். மாமித்தும் வந்தார், வேலிப் பக்கம் நின்றார்.

அசில்கான் உட்கார்ந்தாள். நான் எதிரே, கைகள் இரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு. "அது எதுக்கு?" என்று தலைவர் கேட்டார். தவறியும் உதவிவிடக் கூடாது என்பதற்காக என்றேன். அவள் ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்தாள், செய்தாள், சிவப்புப் பென்சிலால் டிக் போட்டாள். ஒன்றும் தவறவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. அளவுகோலை வாளியில் விட்டாள்.

எதுவும் ஊதவில்லை. வாளியில் தண்ணீர் ஆடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னொரு வாட்டி செய்யச் சொல்லுங்க" என்றார் மாமித். பெட்டியை மறுபடி அழித்துக் கொடுத்தேன். மறுபடி எட்டு வரி, எட்டு டிக், பச்சை விளக்கு, வாளி. மறுபடி ஒன்றுமில்லை. மாமித் வேலியிலிருந்து மேசைக்கு வந்தார். "விட்டுப்போனது எதுன்னு காட்டுங்க." ஒன்பதாவது வரியைப் படித்தேன். அவரே பெட்டியைத் திருப்பி, பொத்தானை அழுத்தி, ஐந்து வரை எண்ணினார். அளவுகோலை அவரே வாளியில் விட்டார்.

ஊர்ச் சங்கின் சத்தம் உங்களுக்குத் தெரியும். மலையில் பட்டுத் திரும்பியது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள், மாமித் பொத்தவில்லை. அது ஓயும்வரை அப்படியே நின்று கேட்டார். பிறகு அசில்கானிடம், "நீ சரியாத்தான் செஞ்சிருக்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். அதற்கப்புறம்தான் ஊர் நம்பியது. மறுநாள் கடிதம் வாங்க வந்தவர்கள் சன்னலில் குனிந்து அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள்.

அன்று மாலை மேசையை உள்ளே தூக்கிவைக்கும்போது மார்ச் 10 வரியைப் பற்றி அவளிடம் சொன்னேன். மடற்குழுவில் நீங்கள் போட்டதை அவள் படித்திருக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், சாவி, விசை, பத்து வாரம், நான் காத்திருந்த காரணம். அவள் தரையில் விழுந்திருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். அப்புறம் கேட்டாள்.

"அப்பவும் கையை அடியில வெச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தீங்களா அக்கா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆமாம் என்றேன். அன்று ராத்திரி அவள் எனக்குப் போர்வை கொடுக்கவில்லை. மறுநாள் ராத்திரி கொடுத்தாள்.

27ஆம் தேதி புருல்சாவுக்கு நாற்பதாம் நாள். ஊர் முழுக்கச் சாப்பாடு. நீங்களும் வர வேண்டும் என்று இன்று காலை அசில்கான் சொன்னாள். மாமித்திடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அவர் வந்து மூலையில உட்கார்ந்து அழுதுட்டுப் போறதுன்னா வர வேணாம். விறகு பொளக்கணும், தண்ணி தூக்கணும், இருநூறு பேருக்குக் கேரட் நறுக்கணும். நீங்களும்தான் அக்கா. ரெண்டு பேருக்கும் கை இருக்குல்ல."

முந்தின நாளே வந்துவிடுங்கள். காலை ஏழு மணி வண்டியைப் பிடித்தால் சாயங்காலம் விறகுக்கு வெளிச்சம் இருக்கும்.

கன்யஷாய்